காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் கோயிலும் உணவும்

தமிழ்நாட்டிலிருந்து நேபாளம் செல்வோரில் பலர் யாத்திரைக் குழுக்களோடு செல்கின்றனர். பசுபதிநாதரையும், சாளக்கிராமத் திவ்வியதேசமாகிய முக்திநாத்தையும் தரிசிப்பது அவர்கள் நோக்கம். குழுவோடு சமையற்காரரும் வருவதால் காலையில் பொங்கலும் இரவில் ரசம் சாதமும் கிடைத்துவிடும். வயது முதிர்ந்தவர்களுக்கும் உணவில் நியமம் காப்பவர்களுக்கும் அந்த ஏற்பாடு அவசியமானதே. ஆயினும் நடக்கத் தெம்பும் ஓரிரு நாள் அவகாசமும் உள்ளவர்கள், காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பழைய நகரங்களை நடந்தே சுற்றி, அங்குள்ளவர்கள் உண்பதை அங்கேயே உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அப்பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்களிடம் கோயில், திருவிழா, உணவு ஆகிய மூன்றும் ஒன்றை விட்டு ஒன்று பிரியாதவை. அவர்கள் தெய்வத்துக்கு எதை, எந்த நாளில் படைக்கிறார்கள் என்று அறிந்தபின் அதே கோயிலைப் பார்த்தால், முன்பு கண்ணில் படாதவை பல புலப்படும்.

காத்மாண்டு, பாடன், பக்தபூர் ஆகிய மூன்றும் ஒருகாலத்தில் மல்ல மன்னர்களின் தனித்தனித் தலைநகரங்களாக இருந்தவை. ஒருவரை ஒருவர் விஞ்ச வேண்டும் என்று அம்மன்னர்கள் கட்டிய அரண்மனைச் சதுக்கங்கள்தான் இன்று நாம் காண்பவை. 1768-69இல் கோர்க்கா மன்னர் பிருத்வி நாராயண் ஷா மூன்றையும் வென்றார். 1979இல் யுனெஸ்கோ இப்பள்ளத்தாக்கை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மூன்று சதுக்கங்களோடு சுயம்பூநாத், பௌத்தநாத், பசுபதிநாத், சாங்கு நாராயண் ஆகியவையும் அதில் அடங்கும். சாங்கு நாராயண் கோயிலில் மானதேவ மன்னன் கி.பி. 464இல் பொறித்த கல்வெட்டு இன்றும் நிற்கிறது.

பக்தபூரைப் பகலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது போதாது. ஓர் இரவு அங்கேயே தங்க வேண்டும். சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேருமுன், விடியற்காலையில் பூசைத் தட்டுகளோடு பெண்கள் கோயில் கோயிலாகச் செல்வதைக் காண அதுவே வழி. பூபதீந்திர மல்லர் 1702இல் எழுப்பிய நியாதபோலக் கோயில் ஐந்து அடுக்குக் கூரையோடு ஐந்து படித்தளங்களின் மேல் நிற்கிறது. கீழ்த்தளத்தில் மற்போர் வீரர் இருவர், அடுத்து யானைகள், சிங்கங்கள், யாளியை ஒத்த விலங்குகள், உச்சியில் இரு தேவியர் எனக் காவல் உருவங்கள் இருபுறமும் அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு தளத்தாரும் தமக்குக் கீழிருப்பவரைவிடப் பத்து மடங்கு வலிமை உடையவர் என்பது மரபு. 1934இலும் 2015 ஏப்ரல் 25 அன்றும் பள்ளத்தாக்கைக் குலுக்கிய பெரும் நிலநடுக்கங்களைத் தாங்கி நின்ற கோயில் இது. அரண்மனைச் சதுக்கத்தில் 2015இல் இடிந்து விழுந்த வத்சலா கோயிலை உள்ளூர்க் கைவினைஞர்கள் பழைய முறையிலேயே மீண்டும் எழுப்பியுள்ளனர். அதனையும் தவறாமல் பார்க்க வேண்டும்.

நியாதபோலவிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் குயவர் சதுக்கம் வந்துவிடும். வெயிலில் வரிசையாகக் காயும் மண்கலங்களுள் ஒரு பகுதி தயிர்க் கடைகளுக்குச் செல்கிறது. ஜூஜு தௌ எனப்படும் பக்தபூர்த் தயிர் எருமைப்பாலில் செய்யப்படுவது. பாலைச் சுண்டக் காய்ச்சிக் கலங்களில் ஊற்றி, உறை சேர்த்து, உமிப் பரப்பின் மேல் வைத்துக் கம்பளியால் மூடிவிடுவார்கள். உமியும் கம்பளியும் சூட்டைக் காக்க, மண்கலம் மிகுந்த நீரை உறிஞ்சிக்கொள்ள, தயிர் வெட்டி எடுக்கும் பதத்துக்கு இறுகிவிடும். பிளாஸ்டிக் கோப்பையில் விற்பதை வாங்காதீர்கள். மண்கலம் இல்லாமல் அந்தப் பதம் வாய்க்காது.

பாடனில் முதலில் காண வேண்டியது, சித்தி நரசிம்ம மல்லர் 1637இல் கல்லால் கட்டிய கிருஷ்ணர் கோயில். அதன் சுவர்களில் மகாபாரத, இராமாயணக் காட்சிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. எதிரே அரண்மனையிலுள்ள அருங்காட்சியகம் நேபாள வெண்கலச் சிற்பங்களைக் காண மிகச் சிறந்த இடம். அதற்கு அரை நாளை ஒதுக்கலாம். சதுக்கத்தின் ஓரத்தில் தரைமட்டத்துக்குக் கீழே படி இறங்கிச் செல்லும் மங்க ஹிட்டி என்னும், மல்லருக்கு முன் ஆண்ட லிச்சவி மன்னர் காலத்து நீர்த்தாரையையும் விட்டுவிடாதீர்கள். ஆனி மாதத்தை ஒட்டி வரும் சிதி நக்க என்னும் நாளில் நேவார் மக்கள் இத்தகைய நீர்த்தாரைகளையும் கிணறுகளையும் குளங்களையும் மழைக்கு முன் தூர்வாரித் துப்புரவு செய்கின்றனர். அன்று குமாரக் கடவுளாகிய நம் முருகனின் பிறந்தநாள். வேலை முடிந்து வீடு திரும்பியதும் உண்பது 'வோ': தோல் நீக்கிய உளுந்தையோ பயற்றையோ அரைத்துத் தட்டையாக வார்த்துச் சுடும், நம் அடையை ஒத்த பண்டம். பாடனின் பழைய கடைகளில் அது ஆண்டு முழுவதும் கிடைக்கும். அரிசி மாவை மெல்லிதாக வார்த்து மூடிவைத்து வேகவைக்கும் சத்தமரியும் அன்றைய உணவுதான்.

சைவ உணவு உண்பவர்கள் இங்கே சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். வோவின் மேலும் சத்தமரியின் மேலும் முட்டையோ கொத்திய இறைச்சியோ இடுவது வழக்கம், நேவார் சமையலில் எருமை இறைச்சிக்குப் பெரிய இடம் உண்டு, மோமோவிலும் பெரும்பாலும் அதுவே பூரணம். எதுவும் இடாத வெறும் வோ வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் தடையின்றித் தருவார்கள். படையலாகத் தொடங்கி விருந்தாக முடியும் சமய் பஜியில் அவல், வறுத்த சோயா, இஞ்சி, உருளைக்கிழங்கு, வோ ஆகியவற்றோடு சுட்ட எருமை இறைச்சியும் இடம்பெறும். அதனை நீக்கித் தரும் உணவகங்கள் உள்ளன.

பயண நாளை நம் பஞ்சாங்கத்தைப் பார்த்தே குறித்துக்கொள்ளலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நம்மில் பலர் ஆவணி அவிட்டம் கொண்டாடும் சிராவணப் பௌர்ணமியில் நேவார் வீடுகளில் ஒன்பது வகைப் பயறுகளை முளைகட்டிச் செய்யும் குவாட்டி என்னும் குழம்பு கொதிக்கும். நாற்று நட்டுக் களைத்த உடலுக்கு வலுவூட்டும் உணவு அது. உழவர்கள் அன்று வயலிலுள்ள தவளைகளுக்கும் சோறு படைப்பார்கள். மார்கழியை ஒட்டிய பௌர்ணமியில் அரிசி மாவுக் கூட்டுக்குள் எள்ளும் வெல்லப்பாகும் வைத்து அவிக்கும் யோமரி வருகிறது. பொங்கல் வரும் அதே நாளில் அங்கே மாகே சங்கராந்தி. நெய், எள்ளுருண்டை, கிழங்குகள் ஆகியவற்றோடு, கரும்புச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய சாக்குவை உண்பார்கள். காத்மாண்டுவின் வடக்கே உள்ள தோக்கா அதற்குப் பெயர்பெற்ற ஊர்.

பசுபதிநாதரைப் பற்றி நம் யாத்திரிகர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கருவறையில் பூசை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து வருபவர்கள் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். அருகிலுள்ள பௌத்தநாத் தூபியை மாலையில் வலம் வந்தபின், திபெத்திய உணவகங்களில் காய்கறி துக்பா என்னும் நூடுல்ஸ் சூப்பை அருந்தலாம்.

முக்திநாத் செல்பவர்கள் போகும் வழியே தகாலி மக்களின் நாடு. சோறு, பருப்பு, காய், கீரை, ஊறுகாய் அடங்கிய நேபாளச் சாப்பாட்டை அவர்கள் கைப்பக்குவத்தில் உண்ண வேண்டும். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் பரிமாறுவார்கள். அந்தப் பருப்பின் மணத்துக்குக் காரணம் ஜிம்பு என்னும் உலர்ந்த மலைப்பூண்டுத் தாள். காத்மாண்டுவின் அசன் கடைத்தெருவில், அன்னபூரணி பூரண கும்ப வடிவில் வீற்றிருக்கும் கோயிலைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளில் அது கிடைக்கும். சிறு பொட்டலம் போதும். நெய்யைக் காயவைத்து ஒரு சிட்டிகை ஜிம்புவைப் போட்டு, அது கருகுமுன் இறக்கி, வெந்த கறுப்பு உளுந்தில் உடனே கொட்டி மூடிவிட வேண்டும்.