போத்தலில் இருந்த ஆடு

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மாட்டு டாக்டராகச் சுற்றிய முதல் சில ஆண்டுகளில், ஆடு சோர்ந்து படுத்தால் என் கை தானாகப் பூச்சி மருந்துப் போத்தலுக்குப் போய்விடும். தாடைக்குக் கீழே நீர் கோத்த வீக்கம், கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளிறிய நிறம். வயிற்றில் ஹீமோங்கஸ் என்ற புழு இரத்தம் குடிக்கிறது, வேறென்ன? குளிர்காலமே இல்லாத ஊர். செம்பனை நிழலின் ஈரப் புல்லில் அதன் குஞ்சுகளுக்கு ஆண்டு முழுதும் கொண்டாட்டம்.

மருந்து கொடுத்தும் தேறாவிட்டால், "சரியாகக் குடிக்க வைக்கவில்லை" என்று ஆட்டுக்காரர் மேல் பழியைப் போட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

செம்மறி, வெள்ளாடு இரண்டையுமே நாம் ஆடு என்கிறோம். போத்தல் சீட்டில் இருந்த அளவோ செம்மறிக்கானது. ஃபென்பெண்டசோல் போன்ற பூச்சி மருந்துகளை வெள்ளாட்டின் உடம்பு செம்மறியைவிட வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். குறைந்த மருந்தில் சாகாமல் தப்பும் புழுதான் அடுத்த தலைமுறையைப் பெறுகிறது. இதைச் சோதித்துச் சொன்னவர்கள் எங்கோ இருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை.

சரி, எண்ணிப் பார்ப்போம் என்று ஒரு லயத்து வெள்ளாடுகளை இரண்டாகப் பிரித்தேன். பாதிக்குச் சீட்டில் உள்ளபடி மருந்து. மீதிக்கு ஒன்றுமில்லை, கழுத்தில் நீலக் கயிறு மட்டும். சாணத்தில் வரும் புழு முட்டைகளின் எண்ணிக்கை தானாகவும் ஏறி இறங்கும் என்பதால் அந்தக் கூட்டம் தேவை. இமை வெளுத்தால் உடனே மருந்து தருவேன் என்று வாக்கும் கொடுத்தேன். 14 நாள் கழித்து மறுபடி சாணம் எடுத்து நுண்ணோக்கியில் எண்ணினேன். முட்டைகள் 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் புழு மருந்துக்குப் பழகிவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். மருந்து குடித்த எங்கள் ஆடுகளில் முட்டைகள் பாதிகூடக் குறையவில்லை.

ஆனால் நீலக் கயிறு கட்டிய ஒரு ஆட்டில் மட்டும் நன்றாக இறங்கியிருந்தது. அதை வளர்த்த பாட்டியிடம் கேட்டேன்.

"பாவம் தம்பி, எல்லாத்துக்கும் குடுத்துட்டு அதுக்கு மட்டும் இல்லையா? நீங்க வெச்சிட்டுப் போன போத்தல்ல ரெண்டு மூடி ஊத்திட்டேன்."

ஒரு ஆட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது. இருந்தாலும் அன்று இரவு, சீட்டு அளவைத் தாண்டிய அந்த ரெண்டு மூடி என்னைத் தூங்கவிடவில்லை. அப்புறம் வெள்ளாட்டுக்கான அளவில், ஒவ்வொன்றையும் எடை போட்டு, இரண்டாம் சுற்று தொடங்கினேன். இந்த முறை போத்தல் என் காருக்குள், பூட்டித்தான் இருந்தது.