கையில் முதல் இல்லாமல் கட்டுமானத் தொழில்: லேபர் காண்டிராக்டிலிருந்து ரீடென்ஷன் (பிடித்தத் தொகை) வசூல் வரை

முதல் இல்லாதவர் கட்டுமானத்தில் இறங்க நடைமுறையில் உள்ள வழி லேபர் காண்டிராக்ட். பொருளை உரிமையாளர் வாங்கிப் போடுவார். ஆளும் கருவியும் மட்டும் நம் பொறுப்பு. இரண்டு வாரக் கூலிக்குப் பணம் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். லாபம் குறைவுதான். ஆனால் ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் சேர்ந்தால் ஒரு நாளில் எத்தனை சதுர மீட்டர் பூச்சு முடியும், டைல்ஸ் எவ்வளவு ஒட்ட முடியும் என்ற கணக்கு இந்தக் கட்டத்தில்தான் கைக்கு வரும். தினமும் மாலையில் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் பொருளோடு சேர்த்து ரேட் கொடுக்கும்போது அந்த நோட்டுதான் துணை. அடுத்தவர் ரேட்டைப் பார்த்து நம் ரேட்டை எழுதினால் அவர் செய்த தப்பும் சேர்ந்தே வரும்.

முதல் வேலைகளாகச் சுற்றுச்சுவர், பூச்சு, டைல்ஸ், பெயின்ட் ஆகியவற்றை எடுக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும், பணமும் சீக்கிரம் திரும்பும். பழைய கட்டட ரிப்பேரில் மட்டும் மொத்த ரேட் பேச வேண்டாம். பூச்சைத் தட்டிய பிறகுதான் உள்ளே கம்பி துருப்பிடித்திருப்பது தெரியும். அங்கே அளவுக்கு ஏற்ற ரேட்தான் சரி. உரிமம், வரிப் பதிவு, தொழிலாளர் விபத்துக் காப்பீடு ஆகியவற்றின் விதிகள் ஊருக்கு ஊர் மாறும். எதுவானாலும் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் முடித்துவிடுங்கள். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கும் அப்போதே வேண்டும்.

பொருளோடு சேர்த்து எடுக்கும் கட்டம் வந்ததும் எஸ்டிமேட்டில்தான் தலை தப்புவதும் போவதும். 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று வாயால் சொல்லும் ரேட்டில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. கட்டட வரைபடத்திலிருந்து ஒவ்வொரு வேலையின் அளவையும் எடுத்துத்தான் ரேட் போட வேண்டும். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 என்ற கலவையில் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு உலர்ந்த பொருள் சுமார் 1.54 கன மீட்டர் தேவை. அதில் சிமெண்ட் 0.28 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 400 கிலோ, 50 கிலோ மூட்டையில் 8. மணல் 0.42 கன மீட்டர், ஜல்லி 0.84 கன மீட்டர். 100 சதுர மீட்டர் கூரையை 125 மில்லிமீட்டர் கனத்தில் போட்டால் 12.5 கன மீட்டர் கான்கிரீட், 100 மூட்டை சிமெண்ட். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அமைப்பு) லெவல் தவறிச் சராசரி கனம் 140 மில்லிமீட்டர் ஆனால் 1.5 கன மீட்டர் கூடும், 12 மூட்டை கூடுதலாகப் போகும். மணல், ஜல்லி, கூலியும் அதே விகிதத்தில் ஏறும். கான்கிரீட் போடும் முன் லெவல் குழாயோடு அரை மணி நேரம் செலவிட்டால் இது தெரிந்துவிடும். பலர் செய்வதில்லை.

கம்பியின் எடைக்கு ஒரே சூத்திரம் போதும். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கமாக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மி.மீ. கம்பி 0.395, 10 மி.மீ. 0.617, 12 மி.மீ. 0.889, 16 மி.மீ. 1.58. லாரி வந்ததும் கட்டுகளை எண்ணி, நீளத்தால் பெருக்கி, எடை மேடைச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். கம்பி உருட்டும்போது விட்டம் சற்றுக் கூடியிருந்தால், எடைக்குக் காசு கொடுத்த நமக்கு மீட்டர் குறையும். எஸ்டிமேட்டில் கம்பி பற்றாமல் போவதற்கு இன்னொரு காரணம் ஓவர்லேப், அதாவது ஒரு கம்பி அடுத்த கம்பியோடு சேரும் இடத்தில் இரண்டும் ஒட்டி ஓடும் நீளம். கம்பி வெட்டும் பட்டியல் போடாமல் அறை அளவை மட்டும் கூட்டினால் லேப், வளைவு, துண்டு எதுவும் கணக்கில் ஏறாது. பட்டியல் போட்ட பிறகும் 3 முதல் 5 சதவீதம் சேதாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணலில் ஏமாறுவது எளிது. சுமார் 5 சதவீத ஈரம் இருக்கும் பொடி மணல் கன அளவில் 20, 30 சதவீதம் வரை உப்பும். சோதிக்க ஒரு கண்ணாடி ஜாடி போதும். ஈர மணலை அழுத்தாமல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பி, தண்ணீர் ஊற்றிக் கலக்கி விட்டால் அது அமரும். 16 சென்டிமீட்டரில் நின்றால் உப்பல் 25 சதவீதம். கன அளவுக்குக் காசு கொடுத்து வாங்கும்போது அத்தனையும் நஷ்டம். கலவையைப் பெட்டியால் அளந்தாலும் மணல் குறைவாக விழுந்து சிமெண்ட் கூடுதலாகச் செலவாகும். மூட்டைக் கணக்கு இடிக்கிறதே என்று மேஸ்திரியைச் சந்தேகிக்கும் முன் மணலைப் பாருங்கள்.

ரேட்டில் அடுத்த ஓட்டை லாபச் சதவீதம். நேரடிச் செலவு 100 என்றால் மேலே 20 சேர்த்து 120 வாங்கிவிட்டு, 20 சதவீதம் லாபம் என்று நினைப்பவர் பலர். வாங்கியதில் அது 16.7 சதவீதம்தான். விற்பனையில் 20 சதவீதம் நிற்க வேண்டுமானால் 125 வாங்க வேண்டும். அந்த 25-லிருந்துதான் சூப்பர்வைசர் சம்பளம், வண்டி, பலகை தேய்மானம், காப்பீடு, மறுவேலை எல்லாம் போகும். நாமே சைட்டில் நின்று மேற்பார்வை பார்த்தாலும் அந்த நேரத்துக்கு ஒரு சம்பளத்தை ரேட்டில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சூப்பர்வைசர் வைக்கும் நாளில் லாபம் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

இந்தத் தொழிலில் மூழ்குபவர் பெரும்பாலும் வேலை கிடைக்காமல் மூழ்குவதில்லை. கை நிறைய வேலை இருக்கும்போதே மூழ்குகிறார்கள். காரணம் தேதிகள். ஒரு சைட்டுக்கு வாரம் 10 பங்கு செலவு என்று வைப்போம். கூலி 4, பொருள் 6. பில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பணம் வர மேலும் மூன்று வாரம். கடைக்காரர் பொருளுக்கு நான்கு வாரம் கடன் தருகிறார். ஏழாவது வார முடிவில் நம் கையிலிருந்து கூலிக்கு 28, முதல் மூன்று வாரப் பொருளுக்கு 18, ஆக 46 பங்கு வெளியே போயிருக்கும். பைசா திரும்பியிருக்காது. அதே சைட்டில் பில்லை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டால் முதல் பணம் ஐந்தாவது வாரத்தில் வந்துவிடும். அதுவரை கூலி 20, பொருள் 6, மொத்தம் 26. ரேட்டும் லாபமும் மாறவில்லை, தேவையான முதல் மட்டும் பாதிக்கு அருகே இறங்கிவிட்டது. சைட் ஓடும் வரை இந்தத் தொகை உள்ளேயே சுழலும். இரண்டாவது சைட் தொடங்கினால் இரண்டு மடங்கு வேண்டும். வட்டிக்குக் கடன் தேடும் முன் பில் போடும் தேதியை மாற்றிப் பேசிப் பாருங்கள்.

தனிவீட்டு வேலையில் தவணைகளை நாங்கள் இப்படிப் பிரிக்கிறோம்: முன்பணம் 10 சதவீதம், அடித்தளம் முடிந்து பிளிந்த் பீம் (அடித்தளத்தின் மேல் வரும் பீம்) வந்ததும் 15, சுவர் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் குறுக்குப் பீம்) மட்டம் வந்ததும் 15, கூரைக்குக் கம்பி கட்டி முடித்ததும் 20, உள்ளும் புறமும் பூச்சு முடிந்ததும் 20, டைல்ஸ், பெயின்ட் முடிந்ததும் 15, சாவி கொடுக்கும்போது 5. நான்காவது தவணையின் சொற்களைக் கவனிக்க வேண்டும். 'கூரை கான்கிரீட் போட்டதும்' என்று எழுதினால் ஒரே நாளில் போகும் பெரிய செலவு நம் தலையில் விழும். போட்ட பிறகு உரிமையாளருக்கும் அவசரம் இருக்காது. 'கம்பி கட்டி, கான்கிரீட்டுக்கு முன்' என்றால் சரிபார்ப்பும் பணமும் ஒரே சமயத்தில் நடக்கும். உரிமையாளர் வங்கிக் கடனில் கட்டுகிறார் என்றால், வங்கி எந்தக் கட்டத்தில் பணம் விடும் என்று கேட்டு நம் தவணைகளை அதோடு பொருத்த வேண்டும். பொருந்தாவிட்டால் நடுவில் நிற்பது நம் ஆட்கள்தான்.

வேலை நடுவில் வரும் மாற்றங்களை எழுதி வாங்க வேண்டும். கதவை அரை மீட்டர் தள்ளுவது கேட்கச் சின்னதாக இருக்கும். அதற்குள் சுவர் இடிப்பு, புது லிண்டல், மின்குழாய் மாற்றம், இரண்டு மூன்று நாள் தாமதம் எல்லாம் உண்டு. ஒரு பக்கப் படிவம் போதும்: வரிசை எண், மாற்றம் என்ன, தொகை, கூடுதல் நாட்கள், கையெழுத்து. கூடுதல் நாட்கள் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் தாமதம் நம் பேரில் வரும்.

துணைக் காண்டிராக்டர்களோடு சண்டை வருவது பெரும்பாலும் அளவெடுப்பில். பூச்சில் ஜன்னல், கதவு இடைவெளியை எப்படிக் கழிப்பது, ஓரங்களைச் சேர்ப்பதா இல்லையா என்பதை வேலைக்கு முன்பே எழுதிவிட வேண்டும். செய்த அளவுக்குள் வாரப் பணம், அதில் ஒரு சிறு பகுதி பிடித்தம். முன்பணம் மட்டும் அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவர் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார். நேரடிக் கூலியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தள்ளிப்போடாதீர்கள். கூலி நாள் ஒருமுறை தவறினால் நல்ல ஆள்தான் முதலில் கிளம்புவார்.

மறுவேலை சத்தமில்லாமல் லாபத்தைத் தின்னும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.5. தள்ளுவது சுலபமாகட்டும் என்று 5 லிட்டர் கூட ஊற்றினால் அது 0.6 ஆகும், வலிமை இறங்கும், வெடிப்பு கூடும். மணலிலேயே தண்ணீர் இருக்கிறது என்பதையும் மறக்கிறார்கள். 70 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் என்றால் 3.5 லிட்டர். கியூரிங் (கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது) குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கும் வெயில் காலத்துக்கும் 10 நாளுக்கு மேல். குளியலறையில் டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் கட்டி ஒரு நாளாவது விட்டுக் கீழே பாருங்கள். பூச்சுக்கு முன் குழாய்களை அழுத்தம் கொடுத்துச் சோதித்து, சுவர் குழாய்களை டேப் வைத்துப் போட்டோ எடுத்து வைத்தால், பின்னால் ஆணி அடித்த இடத்தில் குழாய் இருந்ததா என்ற விவாதமே வராது.

இரண்டாவது சைட்டுக்கு முன் சூப்பர்வைசர் வேண்டும். அவரிடமிருந்து தினமும் வர வேண்டியது நான்கு: வகைவாரியாக ஆட்கள், முடிந்த அளவு, வந்த பொருள், மீதி இருப்பு. வாரக் கடைசியில் முடிந்த அளவுக்கு எத்தனை மூட்டை ஆகியிருக்க வேண்டும், எத்தனை ஆகியிருக்கிறது என்று பார்த்தால் சைட்டுக்கு நேரில் போகாமலே பாதி விஷயம் தெரியும். இயந்திரங்களை வாடகைக்கு எடுப்பதே நல்லது. முதலில் சொந்தமாக வாங்கத் தகுந்தவை சென்ட்ரிங் தகடும் அதைத் தாங்கும் முட்டுகளும். அவற்றையும் உடனே அடுத்த சைட்டுக்கு எடுக்க முடியாது. கூரை ஸ்லாபுக்கு, தாங்கும் சுவர்களுக்கு இடையிலான தூரத்தைப் பொறுத்து பொதுவாக 7 முதல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும், நீண்ட பீமுக்கு 21 நாள் வரை, எதற்கும் பொறியாளர் சம்மதம் வேண்டும். ஒரு செட் வைத்துக்கொண்டு இரண்டு கூரைகளுக்கு ஒரே வாரத்தில் தேதி கொடுப்பவர்கள்தான் முட்டுகளை முன்கூட்டியே உருவுகிறார்கள்.

டெண்டருக்குப் போகும்போது முதலில் நிபந்தனைப் பக்கங்களைப் படியுங்கள், ரேட் பிறகு. வைப்புத்தொகை, வங்கி உத்தரவாதம், தாமத அபராதம், ரீடென்ஷன். ரீடென்ஷன் என்றால் ஒவ்வொரு பில்லிலும் 5 முதல் 10 சதவீதம் பிடித்து, குறைபாட்டுக் காலம் (வேலை முடிந்த பிறகு குறைகளை நாமே சரிசெய்து தர வேண்டிய காலம்) முடிந்த பிறகே தருவார்கள். அது பெரும்பாலும் 12 மாதம். நிகர லாபம் 8 சதவீதமும் பிடித்தம் 8 சதவீதமும் என்றால், வேலை முடிந்த நாளில் புத்தகத்தில் லாபம் இருக்கும், கையில் ஒன்றும் இருக்காது. பிடித்தத் தொகைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் விடுபடும் தேதியைக் குறித்து வையுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துச் சின்னக் குறைகளைச் சரிசெய்து, உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, காலம் முடிந்த மறுநாளே கோரிக்கைக் கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும். கேட்காத ரீடென்ஷன் தானாக வருவது அபூர்வம்.