குவாரானாவும் நம் டிகாஷனும்

பெங்களூரில் என்னுடன் பணிபுரியும் இளைஞர்கள் சிலர் காப்பியை விட்டுவிட்டுக் குவாரானா கலந்த பானங்களுக்கு மாறிவருகிறார்கள். அது செடி தரும் இயற்கையான ஊக்கம், காப்பியைப்போல உடம்பைப் படுத்தாது என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். காப்பியும் செடியில் விளைவதுதானே! அமேசான் காட்டுக் கொடியான குவாரானாவின் விதையில் இருப்பதும் காப்பியில் ஊக்கம் தரும் அதே காஃபின்தான். எடைக்கு எடை பார்த்தால் காப்பிக்கொட்டையில் உள்ளதைவிட அதிகம்.

காஃபின் உடலுக்குப் புதிய ஆற்றல் எதையும் தருவதில்லை. நாம் விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து அயர்ச்சியை உணர்த்துகிறது. அது சென்று சேரவேண்டிய இடங்களைக் காஃபின் முன்கூட்டியே பிடித்துக்கொள்வதால் களைப்பு மறைகிறதே தவிர, தீர்வதில்லை. உடலில் காஃபினின் அளவு பாதியாகக் குறையப் பெரும்பாலோருக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் உள்ளே இருக்கும் என்பதை, வெளிநாட்டு நேரத்துக்கு வேலைபார்க்கும் நம்மவர்கள் அவசியம் கணக்கில் கொள்ள வேண்டும்.

எந்தச் செடி என்பதைவிட எவ்வளவு, எதனுடன் என்பவையே முக்கியம். காப்பி வகைகளில் அராபிகா கொட்டையில் காஃபின் சுமார் 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே மல்லேஸ்வரத்துப் பொடிக் கடையில் நாம் சொல்லும் கலவையே நம் காலை நேர ஊக்கத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. சிக்கரி டிகாஷனைக் கெட்டியாக்கும், கறுக்க வைக்கும். ஆனால் வேரான அதில் காஃபின் அறவே இல்லை என்பதால், நிறத்தைக் கொண்டு வீரியத்தை அளக்கக் கூடாது. காய்ந்த தேயிலையில் காஃபின் காப்பிக்கொட்டைக்குக் குறையாமல் இருந்தாலும், ஒரு கோப்பைக்கு நாம் இடும் இலை குறைவு. தேநீரின் ஊக்கம் நிதானமாக இருப்பதாகப் பலர் உணர்வதற்கு, அதில் உடன் இருக்கும் தியானின் என்னும் பொருளும் ஒரு காரணமாக இருக்கலாம். கொக்கோவில் காஃபினைவிடத் தியோபுரோமின் என்னும் ஊக்கப்பொருள் அதிகம். அதன் தூண்டுதல் மென்மையானது.

குவாரானா பானம் வாங்குவோர் உறையில் குவாரானாவின் எடையை மட்டும் பார்க்காமல், மொத்தக் காஃபின் எத்தனை மில்லிகிராம் என்று தேடிப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது எனக் கருதப்படுகிறது. கருவுற்ற பெண்களுக்கு, குறிப்பாகக் கடைசி மாதங்களில், காஃபின் உடலைவிட்டு நீங்க மிகுந்த நேரம் பிடிக்கிறது. அவர்கள் காப்பி, தேநீர், சாக்லேட் எல்லாவற்றையும் சேர்த்தே 200 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.