ஹூஸ்டன் வெயிலில் எம்ஜிபி ஜிடி: ஏசி போட்ட அனுபவம்

இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏசி என்று சொன்னாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டுவதுதான் அழகு என்பார்கள். இங்கிலாந்தில் ஆபிங்டனில், அந்த ஊர் குளிருக்குப் பிறந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி; ஜிடி என்பது அதில் நிலையான கூரை போட்ட வகை. நான் ஓட்டுவது ஹூஸ்டனில். கோடையில் 35 டிகிரி, கூடவே புழுக்கம், ஜிடியின் பெரிய பின்கண்ணாடி வழியாக வெயில் நேரே முதுகில் விழும். வருஷத்தில் நாலு மாதம் வண்டியை மூடிப்போட்டு வைக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் என் 1971 மாடலுக்கு ஏசி போட்டேன்.

போட நினைப்பவர்களுக்கு முதலில் சொல்வது, கிட் வாங்க அவசரப்படாதீர்கள். உள்ளே வரும் சூட்டை அடைக்காமல் எவ்வளவு பெரிய ஏசி வைத்தாலும் வீண். இந்தக் காரில் கியர்பாக்ஸ் டனலும் கால் வைக்கும் இடமும் அடுப்பு மாதிரி காயும். கார்பெட்டைத் தூக்கி தரை, டனல், இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தடுப்பு முழுக்க வெப்பத் தடுப்பு ஷீட் ஒட்டினேன், கியர் லீவர் ரப்பர் கிழிந்திருந்ததை மாற்றினேன். ஹீட்டர் வால்வையும் பாருங்கள். பழைய வால்வு சரியாக மூடாது, இன்ஜின் சுடுதண்ணீர் கோடையிலும் ஹீட்டருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதை மாற்றியதுமே வித்தியாசம் தெரிந்தது.

அடுத்தது கரண்ட். 1971 வண்டியில் வந்த லூகாஸ் 16ஏசிஆர் ஆல்டர்னேட்டர் 34 ஆம்பியர்தான். ஹெட்லைட்டுக்கே ஒன்பது பத்து போய்விடும், அதற்கு மேல் ப்ளோயர், கம்ப்ரஸரை பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் ஃபேன், வைப்பர் எல்லாம் சேர்ந்தால் எங்கே தாங்கும்? 63 ஆம்பியர் டெல்கோ ஆல்டர்னேட்டர் போட்டு, பேட்டரிக்குப் போகும் வயரைத் தடிமனாக்கி, ஏசிக்கு வேண்டிய எல்லாவற்றையும் தனி ரிலே, தனி ஃப்யூஸில் கொடுத்தேன். பழைய ஸ்விட்ச் வழியாக நேரடியாக ஓட்ட வேண்டாம், எரிந்துவிடும். ரேடியேட்டரையும் புது கோர் போட்டு வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் அதற்கு முன்னால் கண்டென்சர் வந்து உட்காரும்போது அதுவரை குளிர்ந்த காற்று வாங்கிய ரேடியேட்டருக்குச் சூடான காற்றுதான் போகும்.

அப்புறம்தான் ஏசி. அந்தக் காலத்தில் அமெரிக்க டீலர்கள் பொருத்திக் கொடுத்த ஏசிகளும் உண்டு, ஆனால் அப்போதைய யார்க் மாதிரி பிஸ்டன் கம்ப்ரஸர்கள் நல்ல கனம், அதிர்வும் அதிகம். நான் போட்டது சிறிய சாண்டன் கம்ப்ரஸர். புதிதாக இருந்தபோதே நூறு குதிரைத்திறனைத் தொடாத 1798 சிசி இன்ஜின் இது, அதற்கு ஏற்ற சுமைதான் கொடுக்க வேண்டும். க்ராங்க் புல்லியில் இரண்டாவது பள்ளம் வேண்டும். அதிக நேரம் பிடித்தது பிராக்கெட்தான்: இரும்பு ஸ்கேலை ஒரு புல்லியின் முகத்தில் படியவைத்துப் பார்த்தால் மறு முனை அடுத்த புல்லியிலும் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும், ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் கீச்சிடும், ஓரம் தேயும். மெல்லிய வாஷராகச் சேர்த்தும் எடுத்தும் அதைச் சரிசெய்தேன்.

பாடியில் ஒரு புது ஓட்டைகூடப் போடக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம். எம்ஜிபியின் ஃபயர்வாலில் வலப்பக்கம் ஸ்டீயரிங் வரும் நாடுகளுக்கான பெடல் பாக்ஸ் இடமும் இருக்கிறது, அமெரிக்க வண்டிகளில் அதை ஒரு தகடு போட்டு மூடியிருப்பார்கள். அந்தத் தகட்டைக் கழற்றி, அதே அளவில் வேறொரு தகடு வெட்டி, ஹோஸ்களை அதன் வழியாக உள்ளே கொண்டுபோனேன். நாளைக்கு யாராவது ஏசியை எடுத்துவிட நினைத்தால் பழைய தகட்டை மாட்டினால் போதும். கூலிங் காயில் பெட்டி டேஷ்போர்டுக்குக் கீழே. 1971 அமெரிக்க மாடலில் க்ளவ் பாக்ஸே கிடையாது, அதனால் இழக்க ஒன்றுமில்லை.

குளிர்விக்கும் கேஸ் ஆர்134ஏ. ஹோஸ் எல்லாம் அதற்குரிய, கேஸ் கசியவிடாத பேரியர் வகைதான் வேண்டும். உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரின் மூடியைக் கடைசியில் திறங்கள், திறந்த நிமிஷமே ஈரத்தை இழுக்க ஆரம்பித்துவிடும். பம்பால் உள்ளிருந்த காற்றை உறிஞ்சி வாக்குவம் போட்டு, பம்பை நிறுத்திவிட்டு கேஜைப் பார்த்தேன், முள் மெல்ல நகர்ந்தது, எங்கோ கசிவு. நைட்ரஜன் ஏற்றி ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவியதில், கடையில் கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி) வாங்கிய ஒரு ஹோஸ் முனையில் பொடிப்பொடியாகக் குமிழ் வந்தது. அந்த முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தபின் முள் அசையவில்லை. இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள், கேஸைக் காற்றில் விடுவது இங்கே சட்டவிரோதமும்கூட. வெளியே 35 டிகிரி இருக்கும்போது ஹை சைடு (அழுத்தம் கூடிய பக்கம்) 210 முதல் 240 பிஎஸ்ஐக்குள் நிற்கும்படி கேஸ் ஏற்றினேன்.

சிக்னலில் நிற்கும்போது கம்ப்ரஸர் கிளட்ச் பிடித்தால் ஐடிலிங் இறங்கி வண்டி திணறும். எஸ்யு கார்புரேட்டர்களின் த்ராட்டில் லிங்க்கை லேசாகத் தூக்கிவிடும் ஒரு சோலினாய்டு (கரண்டில் இயங்கும் சின்னத் தள்ளி) வைத்தேன், சரியாகிவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் நல்ல குளிர், நகர நெரிசலில் சுமார்தான், ஆனால் சட்டை நனையாமல் வீடு வந்து சேரலாம். நான் எதிர்பார்க்காத லாபம் மழைக்காலத்தில் கிடைத்தது: துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டிய முன்கண்ணாடி இப்போது ஏசியைப் போட்ட கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறது.