சீனக்குடாவில் பஸ் நின்றபோது

பக்கத்து இருக்கை ஐயா, 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலை மீதான ஜப்பானியத் தாக்குதலில் இங்கே எரிந்த எண்ணெய்த் தாங்கியின் கதையைப் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பையனோ ஜன்னலில் குரங்கைத் தேடினான்.

அந்தக் கதையில் லெனர்ட் பர்ச்சோல் வரவில்லை.

ஏப்ரல் 4 அன்று இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி. இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார்; விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் ஆறு பேரே மிஞ்சினார்கள்.

1945 வரை ஜப்பானில் போர்க்கைதி.

அங்கே நோயாளிகளையும் வேலைக்கு இழுத்தார்கள். நோயாளிகளை வேலையிலிருந்து விடும்வரை எவரும் வேலை செய்யக்கூடாது என்று தன் ஆட்களுக்குக் கட்டளையிட்டார். அடி விழுந்தது. தண்டனை முகாமுக்கும் அனுப்பினார்கள்.

இலங்கையைக் காத்தவர் என்று அந்தச் செய்திக்காகவே அவரைப் புகழ்கிறார்கள். எனக்கு முகாமில் காட்டிய துணிச்சல்தான் பெரிது. வானத்தில் பயப்படவே நேரம் இருந்திருக்காது. முகாமில் மறுநாள் காலையும் அதே காவலர்கள்தான் வருவார்கள்.