கால் சுற்று

மே 4, 2025
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மதியம் மொட்டை மாடியில் என் ரிமோட் படகின் என்ஜினை ஸ்டாண்டில் மாட்டி ஓட்டினேன். 3.5 சிசி. படகு ஓடினால்தான் என்ஜின் ஹெட்டைக் குளிர்விக்க அதைச் சுற்றித் தண்ணீர் ஏறும். மாடியில் ஏது தண்ணீர்? சில நொடியில் நிறுத்திவிட வேண்டும். விளக்கெண்ணெய் எரிந்த வாசனை படிக்கட்டு வரை. கீழ்வீட்டு அக்கா, "அடுப்புல என்னமும் வச்சிட்டு மறந்துட்டீகளா?" என்று கத்தினார்.

மே 5
பிரசவத்துக்கு மேலூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள் மனைவி. போன் வரவில்லை.

மே 6
தூக்கம் வரவில்லை, ஊசியைப் பற்றியே யோசனை. என்ஜினுக்கு எரிபொருளை அளந்து விடுகிற திருகு அது. மெயின் ஊசியை உள்ளே திருகத் திருக எரிபொருள் குறைந்து வேகம் கூடும். ஆசை காட்டுகிற வேகம் அது. இந்த என்ஜினுக்குத் தனி ஆயில் கிடையாது, எரிபொருளான மெத்தனாலோடு கலந்தே வருகிறது. எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயும் குறையும், சூடேறும், கடைசியில் கனெக்டிங் ராடு போகும். சைலன்சரில் மெல்லிய புகை எப்போதும் தெரிய வேண்டும். புகையே இல்லாமல் பறக்கிற படகுக்குக் கைதட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

அப்புறம் காற்று. உச்சி வெயிலில் காற்று லேசாகிவிடும், ஆக்சிஜன் குறைவு. அப்போது பார்த்து வைத்த ஊசி, விடிகாலையின் கனத்த காற்றில் எரிபொருள் போதாமல் என்ஜினைத் திணறடிக்கும். மாடியில் மதியம் வைத்தது மாடிக்கும் மதியத்துக்கும் மட்டும்தான். கண்மாயில் காலையில் ஓட்டுவதென்றால் கால் சுற்றாவது திறக்க வேண்டும்.

அவள் தூங்கியிருப்பாளா?

மே 8
திருக்கல்யாணம். டிவியில் பார்த்தபடியே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாளாம். அத்தை பேசினார்: "இன்னும் ஒண்ணுமில்ல மாப்ள. விளக்கெண்ணெ குடுக்கவான்னு கேட்டேன், டாக்டரம்மா திட்டிருச்சு." நன்றாகத் திட்டட்டும்.

மே 10
சோழவந்தான் பக்கம் கண்மாய். பாதி வற்றிவிட்டது, ஆனாலும் ஆகாயத்தாமரை இல்லாத ஒரு மூலை இருக்கிறது. கால் சுற்று திறந்து விட்டேன். முதல் ஓட்டம் நன்றாகப் போய், நேர்க்கோட்டின் கடைசியில் சத்தம் ஏறி அப்படியே தொய்ந்தது. இன்னும் போதவில்லை. மேலும் இரண்டு கிளிக் திறந்ததும் தொய்வு நின்றது. டேங்க் குறையக் குறையக் கலவை இன்னும் வறளும், அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாது, அதனால் டேங்க் நிறைந்திருக்கும்போது கொஞ்சம் கொழகொழவென்று ஓடினாலும் பரவாயில்லை என்றே வைத்தேன்.

என்ஜின் மெதுவாக ஓடும்போது எரிபொருளை அளக்கிற ஐடிலிங் ஊசி அதற்கப்புறம்தான். எரிபொருள் டியூபை விரலால் நசுக்கிப் பார்த்தேன். சத்தம் லேசாக ஏறிவிட்டு அணைந்தால் சரி. ஏறவே இல்லாமல் பட்டென்று அணைந்தால் பட்டினி. நெடுநேரம் ஏறிக்கொண்டே இருந்தால் அதிகம். எனக்கு நெடுநேரம். திருகினேன், மறுபடி நசுக்கினேன். ஒருமுறை நடுக்கண்மாயில் அணைந்துவிட, மாடு மேய்க்கிற பையன் லாரி டியூபில் போய் இழுத்து வந்தான். "அண்ணே, இதுக்கு பெட்ரோலா?" மெத்தனால் என்று சொல்ல வாய் வரவில்லை. 2024 கள்ளக்குறிச்சிக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். "ஸ்பெஷல் எண்ணெய்" என்றேன். மோந்து பார்க்கக் கேட்டான், கொடுக்கவில்லை.

இவ்வளவு நேரமும் போன் வண்டி சீட்டுக்கு அடியில். நான்கு மிஸ்டு கால், நான்கும் கடன் வேண்டுமா என்று.

மே 12
அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். நான் போகவில்லை. ஊரே வைகையில் நிற்கும்போது வண்டியை எப்படி எடுப்பது, கூப்பிட்டால் மேலூருக்கு எந்த வழியாகப் போவது என்று மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை.

மே 13
கலவையைப் பற்றவைக்கிற குளோ பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கம்பி பளபளவென்று இருக்கிறது. வெளுத்துச் சொரசொரப்பாகி இருந்தால் கலவை வறட்சி. அப்படி இல்லை. இதற்கு மேல் அந்த ஊசியைத் தொடக்கூடாது.

தொட்டேன். ஒரே ஒரு கிளிக்.

மே 14
அதிகாலை 3.20. அத்தை. பனிக்குடம் உடைந்துவிட்டதாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

டேங்கை வடித்தாயிற்று. மிச்ச மெத்தனால் ஈரத்தை இழுத்து பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். ஓட்டி முடித்ததும் துருப்பிடிக்காமல் இருக்க விடுகிற ஆஃப்டர் ரன் ஆயில் நான்கு சொட்டு விட்டு ஃபிளைவீலைக் கையால் சுற்றினேன். இதையெல்லாம் இப்போது ஏன் செய்துகொண்டிருக்கிறேன்? சாவி எங்கே