நாலுல ஒருத்தர்

இன்னிக்கு காலைல முத்தியால்பேட்டைல மாமாவுக்கு சுகர் டெஸ்ட். ஏழு மணிக்கே லேப்ல க்யூ, பாதி பேரு கையில டிபன் டப்பா, வெறும் வயித்துல ரத்தம் குடுத்துட்டு அங்கயே பெஞ்ச்ல உக்காந்து இட்லி சாப்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி குடுக்கணும்ல, அதான்.

எப்பவோ படிச்சது ஞாபகம் வந்துச்சு. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட 'இண்டியாப்'ங்கற சுகர் சர்வே, வீடு வீடா போய் 1 லட்சத்து 13 ஆயிரம் பேர்கிட்ட எடுத்தது, 2023ல வெளிவந்துச்சு. நாட்டுல 10.1 கோடி பேருக்கு சுகர், அதாவது பெரியவங்கள்ல 11.4 சதவீதம். கோவா 26.4, அடுத்ததே நம்ம பாண்டி 26.3! நாலுல ஒருத்தர்ங்க. உ.பி.ல வெறும் 4.8 தான், ஆனா சந்தோஷப்பட முடியாது, சுகர் வர்ற எல்லைல நிக்கிறவங்க அங்க அதவிட மூணு மடங்குக்கும் மேல.

மாமா என்னடான்னா டெஸ்டுக்கு முன்னாடி மூணு நாள் மட்டும் சக்கரைய நிறுத்திட்டு கெத்தா வந்தாரு. மாமா, ஹெச்பிஏ1சி ரெண்டு மூணு மாச கணக்கையும் சேத்து காட்டிக்குடுத்துடும், ரத்த செல்லுல ஒட்டியிருக்கற சக்கரைய அளக்கறது அதுன்னேன். ரிசல்ட் 9.2, ரொம்பவே ஜாஸ்தி.

"மெஷின் ரிப்பேரா இருக்கும்மா"ங்கறாரு. வர்ற வழியில டீக்கடைல நின்னு, "தம்பி, சக்கர கம்மியா ஒண்ணு."